பிரிண்டர் ஒன்று, கேட்பவர் பலர்: வாசகர் கேள்வி பதில்

வீட்டு நெட்வொர்க் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். ரவுட்டர், கேமரா என்று கேள்விகள் வரும் என நினைத்தால், தொண்டியில் ஆரம்பித்து ராமேஸ்வரம் வரை எல்லோருக்கும் பிரிண்டர்தான் தலைவலி. சரி, இந்த இதழ் முழுக்கப் பிரிண்டருக்கே ஒதுக்கிவிடுவோம். சொன்னதையே திரும்பச் சொல்கிறானே என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி: அண்ணே, கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் நாலு ரூம் வைத்து ஹோம் ஸ்டே நடத்துகிறோம். ஹாலில் வைஃபை உள்ள இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. முன்னறைக் கம்ப்யூட்டர், வீட்டுக்காரர் லேப்டாப், மகள் லேப்டாப் மூன்றிலிருந்தும் அதில்தான் பிரிண்ட் எடுக்கிறோம். தங்க வருகிறவர்களுக்கும் அதே வைஃபைதான், பாஸ்வேர்டை ஒவ்வொரு ரூம் கதவுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கிறோம். போன அமாவாசைக்கு யாரோ ரூமில் இருந்தபடியே முப்பது பக்கம் இந்தியில் எதையோ பிரிண்ட் போட்டுவிட்டார்கள். இது ஆபத்தா, இல்லை இங்க்தான் நஷ்டமா?

பதில்: யாரும் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை தங்கச்சி, சாவியை நீங்களே கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். இந்தக் காலத்துப் பிரிண்டர் சும்மா உட்கார்ந்திருக்காது, ஒரே நெட்வொர்க்கில் இருக்கிற எல்லாக் கருவிக்கும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். போனில் பிரிண்ட் என்று தொட்டதும் எந்த டிரைவரும் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) போடாமலே உங்கள் பிரிண்டர் பெயர் பட்டியலில் வந்து நிற்பது அதனால்தான். வந்தவர் ஏதாவது ஸ்தோத்திரம் போட்டிருப்பார், அது உங்கள் ஹாலில் போய் விழுகிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் கவலைப்படுவது முப்பது பக்க இங்க்கைப் பற்றி இல்லை. அந்த முன்னறைக் கம்ப்யூட்டரில் வந்து போன எல்லோருடைய ஆதார் நகலும் ஒரு ஃபோல்டரில் கிடக்கும், இல்லையா? அந்த ஃபோல்டரை வீட்டுக்காரர் லேப்டாப்பில் பார்ப்பதற்காக ஷேர் வேறு போட்டிருப்பீர்கள். பிரிண்டரைத் தொட முடிகிற போன் அந்தக் கம்ப்யூட்டரின் வாசல் வரைக்கும் போக முடியும், அங்கே பூட்டு இருக்கிறதா இல்லையா என்பதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது, விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து (முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்) கெஸ்ட் நெட்வொர்க் என்பதைத் தேடுங்கள். அதை ஆன் செய்து வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட் கொடுங்கள். வீட்டு நெட்வொர்க்கைத் தொடவிடலாமா என்று ஒரு கட்டம் கேட்கும், அதில் டிக் இருக்கக் கூடாது. இணையக் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியாக இருந்தால் கெஸ்ட் என்ற பெயரே இல்லாமல் இரண்டாவது எஸ்எஸ்ஐடி (வைஃபையின் பெயர்) என்று மட்டும் இருக்கலாம். சிலவற்றில் அது வெறும் பெயர்ப்பலகைதான், உள்ளே போனால் ஒரே கூடம். அதனால் நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள்: உங்கள் போனைக் கெஸ்ட் வைஃபையில் போட்டு, ஒரு போட்டோவைத் திறந்து பிரிண்ட் தொடுங்கள். பிரிண்டர் பெயர் வரக் கூடாது. அப்புறம் அதே போன் பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியை (ரவுட்டர் அதற்குக் கொடுத்திருக்கும் எண்) அடித்துப் பாருங்கள், அதுவும் திறக்கக் கூடாது. இரண்டும் இல்லை என்றால் சரி.

கெஸ்ட் வசதியே இல்லாவிட்டால் விலை குறைந்த ரவுட்டர் ஒன்று கூடுதலாக வாங்கி இப்போதைய பெட்டியிலிருந்து அதற்கு ஒயர் கொடுக்கலாம். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், புது ரவுட்டரை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக் கருவிகளைப் பழைய பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ரவுட்டருக்குள் இருக்கிறவர் முதல் பெட்டியில் இருப்பதைத் தொட முடியும், முதல் பெட்டியில் இருக்கிறவர் இரண்டாவதற்குள் நுழைய முடியாது. திண்ணையும் உள்வீடும் மாதிரி. உள்ளே இருக்கிறவர் எப்போது வேண்டுமானாலும் திண்ணைக்கு வரலாம், திண்ணையில் இருக்கிறவர் உள்ளே வரக் கேட்க வேண்டும். ஆகவே முதல் பெட்டி விருந்தாளிக்கு, புது ரவுட்டரும் பிரிண்டரும் உங்கள் மூன்று கம்ப்யூட்டரும் உள்வீட்டுக்கு. புது ரவுட்டர் ரவுட்டர் மோடில் இருக்க வேண்டும், ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டால் நடுச்சுவரே இருக்காது.

இதெல்லாம் முடிந்ததும் பழைய வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதுவரை தங்கிப்போன எல்லோருடைய போனும் அதை ஞாபகம் வைத்திருக்கிறது, அடுத்த தை அமாவாசைக்கு வந்தால் அதுவாகவே ஒட்டிக்கொள்ளும். மாற்றினால் பிரிண்டரையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும், பத்து நிமிட வேலை. பிரிண்டரின் ஐபி முகவரியைப் பிரவுசரில் அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் வரும், அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் போடுங்கள். வைஃபை டைரக்ட் என்று ஒன்று ஆனில் இருக்கும், அது ரவுட்டரைத் தொடாமலே பிரிண்டரிடம் நேராகப் பேசும் பக்கவாசல், நீங்கள் பயன்படுத்தவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பல மாடல்களில் அதற்கு ஆரம்பத்தில் இருக்கிற பாஸ்வேர்ட் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் வரிசையாக எண்ணுவதுதான்.

விருந்தாளிக்கு ரயில் டிக்கெட் பிரிண்ட் வேண்டுமென்றால் உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள், எடுத்துக் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். ஹாலில் பிரிண்டர் தட்டில் யாருடைய ஆதார் நகலோ காலையிலிருந்து மல்லாந்து கிடந்தால் மேலே சொன்ன எதுவும் பலன் இல்லை, அதையும் பாருங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்: அண்ணனிடம் விண்டோஸ் 11 டெஸ்க்டாப், அதில் யுஎஸ்பி பிரிண்டர். என்னிடம் விண்டோஸ் 10 லேப்டாப். படகு சம்பந்தமான பேப்பர் எல்லாம் நான்தான் டைப் செய்கிறேன், பிரிண்டுக்கு ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ் எடுத்துக்கொண்டு கீழே ஓட வேண்டியிருக்கிறது. ஒரு வீடியோ பார்த்து ஃபயர்வாலை அணைத்து, பாஸ்வேர்ட் ஷேரிங்கை அணைத்து, எஸ்எம்பி ஒன்று என்பதை ஆன் செய்தேன், பிரிண்ட் வந்துவிட்டது. அண்ணன் பார்த்துவிட்டுத் திட்டுகிறார். வேலை நடக்கிறதே, என்ன தப்பு?

பதில்: உங்கள் அண்ணன் திட்டியது சரிதான் தம்பி. கதவு இறுக்கமாக இருக்கிறது என்று கதவையே கழற்றி வைத்துவிட்டால் போக வர வசதியாகத்தான் இருக்கும்.

எஸ்எம்பி ஒன்று என்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைலும் பிரிண்டரும் பகிர்ந்துகொள்ள முன்னொரு காலத்தில் பயன்படுத்திய பேச்சு முறை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஆலை என்று பார்க்காமல் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், திருத்தம் வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள் மாட்டினார்கள். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி ஒன்றைப் புது நிறுவலில் சேர்ப்பதையே விட்டுவிட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மெஷின் வீட்டில் இருந்தால்தான் அது தேவைப்படும். உங்கள் இரண்டு கம்ப்யூட்டருக்கும் துளிகூடத் தேவையில்லை, வீடியோக்காரர் சும்மா சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

முதலில் அவிழ்த்ததைக் கட்டுவோம். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற காவல்காரன்தான் ஃபயர்வால், இரண்டு கம்ப்யூட்டரிலும் அதை ஆன் செய்யுங்கள், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0 டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்புறம் அண்ணன் கம்ப்யூட்டரில் வீட்டு வைஃபை பிரைவேட் நெட்வொர்க் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால் அதனால்தான் பிரிண்டர் தெரியாமல் போயிருக்கும், ஃபயர்வாலை அணைக்கிற யோசனை வந்ததும் அதனால்தான். பிரைவேட்டுக்கு மாற்றி, ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட்டின் கீழ் மட்டும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்தால், அதற்குத் தேவையான துளையை மட்டும் ஃபயர்வால் தானே திறந்துகொள்ளும். அதுவும் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும். பப்ளிக்கின் கீழ் எல்லாம் ஆஃபில் இருக்கட்டும், அந்த லேப்டாப்பை நாளைக்கு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் யாருடைய வைஃபையிலாவது போடுவீர்கள்.

பாஸ்வேர்ட் ஷேரிங்கை எதற்கு அணைத்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அது பெயரும் பாஸ்வேர்டும் கேட்டிருக்கும், அண்ணன் தினமும் அடிக்கிற நாலு இலக்கப் பின் நம்பரைக் கொடுத்திருப்பீர்கள், தப்பு என்று சொல்லியிருக்கும். பின் நம்பர் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாக ஒருநாளும் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் அப்படித்தான், நெட்வொர்க் வழியாக வந்தால் விண்டோஸ் ஏற்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர், ஒரு காலத்தில் நானும்.

அண்ணன் கம்ப்யூட்டரில் பிரிண்டுக்கென்றே ஒரு சாதாரண லோக்கல் கணக்கு தொடங்குங்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டாம், அட்மின் உரிமையும் வேண்டாம், பாஸ்வேர்ட் மட்டும் நீளமாக. பிரிண்டர் புராப்பர்டீஸில் ஷேரிங் பக்கத்தில் இடைவெளி இல்லாத சின்னப் பெயர் ஒன்று கொடுத்து ஷேர் போடுங்கள். பக்கத்திலேயே செக்யூரிட்டி என்று இருக்கும், அங்கே எவ்ரிஒன் என்பவருக்குப் பிரிண்ட் உரிமை கொடுத்திருப்பார்கள். அவரை நீக்கிவிட்டு, புதுக் கணக்கையும் அண்ணனின் சொந்தக் கணக்கையும் சேர்த்து இருவருக்கும் பிரிண்ட் டிக் போடுங்கள். அண்ணன் கணக்கை மறந்துவிடாதீர்கள், அப்புறம் பிரிண்டர் பக்கத்திலேயே இருந்தும் அவருக்குப் பிரிண்ட் வராமல் போகலாம், இரண்டாவது முறை திட்டு விழும். உங்கள் லேப்டாப்பில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் அண்ணன் கம்ப்யூட்டரின் பெயர், அந்தப் புதுக் கணக்கு, பாஸ்வேர்ட் மூன்றையும் சேர்த்துவிட்டால் பிறகு கேட்கவே கேட்காது. ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு அந்தக் கம்ப்யூட்டர் பெயரை அடித்தால் பிரிண்டர் தெரியும், இரண்டு தடவை கிளிக் செய்தால் டிரைவர் ஏறும்.

டிரைவர் ஏறும்போது அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால் எரிச்சல் வேண்டாம். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது, பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் வழியாகவே கம்ப்யூட்டரை முழுசாகப் பிடித்துவிடலாம் என்கிற அளவுக்கு. அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான் நெட்வொர்க் பிரிண்டர் டிரைவர் போட அட்மின் வேண்டும் என்று மாற்றினார்கள். அதைத் தொடர்ந்து வந்த அப்டேட்டில்தான் '11பி' என்று முடிகிற எரர் எண் ஊர் முழுக்கப் பிரபலமானது. அதற்கும் வீடியோக்களில் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கச் சொல்லுவார்கள், அது போட்ட பூட்டைக் கழற்றுவது. இரண்டு பக்கமும் அப்டேட் முழுசாகப் போட்டால் பெரும்பாலும் அந்த எரர் தானே போய்விடும்.

இன்னும் ஒன்று, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராமல் இருந்தால் அந்த லேப்டாப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் இது. அப்புறம், அண்ணன் டெஸ்க்டாப் தூங்கிக்கொண்டிருந்தால் பிரிண்ட் வராது. யுஎஸ்பி பிரிண்டருக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் வாய். அடுத்த தடவை பிரிண்டர் வாங்கும்போது வைஃபையோ லேன் போர்ட்டோ இருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள், இத்தனை கூத்தும் தேவைப்படாது.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி: கரன்ட் போய்விட்டு வந்தால் என் கம்ப்யூட்டரில் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்கிறது. என் கணவர் கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கிறது. கடைக்காரர் வந்து வைஃபை பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் சரியாகும் என்றார். எடுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கரன்ட் போய் வந்ததும் ரவுட்டர் புதிதாக எழுந்து ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கும். நேற்று பிரிண்டருக்கு 192.168.1.5 கிடைத்திருக்கும், இன்று 8 கிடைத்திருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும், அதில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியோடு பிறந்த அடையாள எண்) நிரந்தரமாக ஒரு எண்ணை ஒதுக்கிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் இப்போதிருக்கும் பிரிண்டரை நீக்கி, ஐபி முகவரி மூலம் சேர்ப்பது என்பதைத் தேர்ந்து அந்த எண்ணைக் கொடுங்கள். கணவர் கம்ப்யூட்டர் பிரிண்டரைப் பெயரால் தேடுகிறதாக இருக்கும், அதனால் அதற்குப் பிரச்சினை இல்லை.

அப்படியும் ஆஃப்லைன் என்று பொய் சொன்னால், பிரிண்டர் புராப்பர்டீஸில் போர்ட்ஸ், அதில் கன்ஃபிகர் போர்ட், அங்கே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் பிரிண்டரிடம் நலம் விசாரிக்கும் வழி அது. சில வீட்டுப் பிரிண்டர்கள் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கும், விண்டோஸ் உடனே ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிடும்.

கடைக்காரர் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கலாம். புது ரவுட்டர்களில் வைஃபை பூட்டு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டர்கள் ஒட்டாது. அதற்கு மருந்து டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த மோட். பாஸ்வேர்டை எடுப்பது இல்லை. அதேபோல் விலை குறைந்த பிரிண்டர்களில் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், 5-ல் தேடினால் கிடைக்காது.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்: காக்கா (அண்ணன்) துபாயில் இருக்கிறார். அங்கிருந்தே எங்கள் வீட்டுப் பிரிண்டரில் வாப்பாவுக்கு பேப்பர் பிரிண்ட் போட வேண்டும் என்கிறார். ரவுட்டரில் 9100 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று அவருடைய நண்பர் சொல்லியிருக்கிறார். செய்யட்டுமா?

பதில்: போர்ட் என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு வேலைக்கும் எண் போட்டு வைத்திருக்கிற கதவு, 9100 பிரிண்டருக்கானது. நான் செய்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

போன் ஒயர் வழியாக பிராட்பேண்ட் வந்த காலம். நான் சென்னையில், ராமநாதபுரம் வீட்டில் லேன் போர்ட் உள்ள லேசர் பிரிண்டர். ரொம்பப் புத்திசாலி மாதிரி ரவுட்டரில் 9100-ஐ வெளியே திறந்துவிட்டுப் போய்விட்டேன், அங்கிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் போனில் "வந்துச்சா?" என்று பெருமை வேறு. மூன்றாம் நாள் விடிகாலையில் அம்மா போன்: "டேய், உன் மிஷின் ராத்திரி பூரா தானா பேப்பரைத் துப்புது, பேய் புகுந்த மாதிரி இருக்கு." வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டாகப் பேப்பர், ஒவ்வொன்றிலும் தலையில் இரண்டு மூன்று வரி, மிச்சமெல்லாம் வெள்ளை. இணையப் பக்கம் ஒன்றைக் கொடு என்று பிரவுசர் கேட்கிற வாசகம் அது. இணையத்தில் திறந்த கதவுகளைத் தேடி இரவு பகலாகத் தட்டிக்கொண்டே போகிற தானியங்கி மெஷின்கள் எத்தனையோ உண்டு. அவை வெப்சைட் என்று நினைத்து என் பிரிண்டரிடம் கேள்வி கேட்டிருக்கின்றன. 9100 வழியாக வருவது எதுவாக இருந்தாலும் அச்சிடுவதுதான் தன் வேலை என்று பிரிண்டரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு பேப்பரில் அடித்துத் தள்ளியிருக்கிறது. பாஸ்வேர்ட் கேட்காது, யார் என்று கேட்காது, அந்த வழியே அப்படித்தான். அம்மா அந்தப் பேப்பரை எல்லாம் பின்பக்கம் பால் கணக்கு எழுதியே தீர்த்தார்கள்.

நான் மட்டும் இல்லை. 2018 நவம்பர் கடைசியில் ஒருவர் இப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களுக்கு, ஒரு யூடியூப் சேனலில் சேரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார், சுமார் 50,000 பிரிண்டர் என்பது அவர் சொன்ன கணக்கு. அது விளையாட்டு. அதே கதவு வழியாகப் பிரிண்டரின் அமைப்பை மாற்றுவதும் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் சில மாடல்களில் முடியும்.

ஆகவே போர்ட்டைத் திறக்காதீர்கள். ஃபைலுக்கும் பிரிண்டுக்கும் உள்ள மற்றக் கதவுகளான 445, 631, 515, எந்த எண்ணும் வேண்டாம். ரவுட்டரில் யுபிஎன்பி என்று ஒன்று ஆனில் இருந்தால் அதையும் அணையுங்கள், அது கருவிகள் தாமாகவே வெளிக்கதவைத் திறந்துகொள்ள விடுவது. இப்போது பல ஃபைபர் இணைப்புகளில் ஒரு வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துதான் கொடுக்கிறார்கள், போர்ட்டைத் திறந்தாலும் வேலை செய்யாது. அதற்காகக் காசு கட்டி நிரந்தர முகவரி வாங்கச் சொல்லிக் காக்கா அடுத்த வாரம் சொன்னால் அதற்கும் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

வேறு வழி? பிரிண்டர் கம்பெனியின் சொந்த ஆப்பில் வெளியிலிருந்து பிரிண்ட் போடும் வசதி சில மாடல்களில் உண்டு. அதில் பிரிண்டர்தான் வெளியே போய்க் கேட்டு வாங்கிவரும், யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. சிலவற்றில் பிரிண்டருக்கே ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும், அப்படியானால் அனுமதித்தவர்கள் பட்டியலில் காக்கா முகவரியை மட்டும் வையுங்கள். கூகுள் கிளவுட் பிரிண்ட் என்று யாராவது சொன்னால் அது 2020 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டுவிட்டது. என்னைக் கேட்டால், மாதத்துக்கு நாலு பேப்பருக்கு இதெல்லாம் எதற்கு? காக்கா வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பட்டும், நீங்கள் பிரிண்ட் எடுத்து வாப்பா கையில் கொடுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகர்: அக்கா ஸ்கூலில் வாங்கிய இலவச லேப்டாப், விண்டோஸ் 7. இன்னும் ஓடுகிறது. அதில்தான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். வீட்டு வைஃபை பிரிண்டரில் அதையும் சேர்க்கலாமா?

பதில்: அந்த லேப்டாப்களின் ஆயுளே தனி, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டது. அதை நெட்வொர்க்கில் சேர்ப்பதற்காக மற்ற கம்ப்யூட்டர்களின் பூட்டைத் தளர்த்துவது என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். தளர்த்தச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள்.

அவசரத்துக்கு யுஎஸ்பி ஒயரை நேராக லேப்டாப்பில் செருகிப் பிரிண்ட் எடுக்கட்டும், வைஃபை அணைந்தே இருக்கட்டும். நிரந்தரமாக என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள், திறந்து பார்த்தவர்கள் குறைவு. அந்தப் பழைய பதிப்பு இப்போது வேண்டாம், லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ வகை மாதிரி லேசாக, இப்போதும் அப்டேட் வருகிற ஒன்றாகப் போடுங்கள். போனிலிருந்து நேராகப் பிரிண்ட் எடுக்க முடிகிற பிரிண்டர் என்றால் பெரும்பாலும் அதில் டிரைவர் இல்லாமலே வந்துவிடும். லினக்ஸ் என்றால் ஓட்டையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள், 2024 செப்டம்பரில் அதன் பிரிண்ட் சேவையிலும் ஒன்று கிளம்பியது, அப்டேட் கேட்டால் அன்றே போடுங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்: பிரிண்டரில் ஸ்கேன் செய்தால் நேராகக் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்குப் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். பத்திரம், பாஸ்புக், படகுப் பதிவு எல்லாம் அதில்தான். எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தால்தான் வேலை செய்கிறது.

பதில்: பாஸ்வேர்ட் ஷேரிங்கையும் அணைத்து வைத்திருந்தால், அந்தக் ஃபோல்டரை வீட்டு வைஃபையில் இருக்கிற எவரும் திறக்கலாம், அழிக்கலாம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு கிரிக்கெட் பார்க்கப் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் அவனும் சேர்த்துத்தான்.

ஸ்கேனுக்கென்று தனியாக ஒரு வெற்று ஃபோல்டர், தனியாக ஒரு லோக்கல் கணக்கு. அந்தக் கணக்குக்கு அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள், பெயரையும் பாஸ்வேர்டையும் பிரிண்டரின் நிர்வாகப் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்கேன் ஆனதும் ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும், அந்தக் ஃபோல்டர் தபால் பெட்டி, பீரோ இல்லை. பிரிண்டர் பழையதாக இருந்து எஸ்எம்பி ஒன்று இல்லாமல் முடியாது என்று அடம்பிடித்தால் அந்த வசதியையே விட்டுவிடுங்கள், கம்ப்யூட்டரில் இருந்து ஸ்கேன் ஆப்பைத் திறந்து இழுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பென்டிரைவில் ஸ்கேன் எடுக்கலாம்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி: ஷேர் போட்டதிலிருந்து என் லேப்டாப்பில் இருந்து கொடுத்தால் மட்டும் பேப்பர் இரண்டு மூன்றாகச் சேர்ந்து போய்ச் சிக்குகிறது. மகன் காலையில் கொடுத்தால் சிக்குவதில்லை. ஷேரிங்கில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். மகன் காலையில் புதுப் பேப்பர் வைத்துப் பிரிண்ட் எடுக்கிறான், மிச்சத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான், நீங்கள் சாயங்காலம் எடுக்கும்போது கடல் காற்று பட்டு அது நமுத்துப் போயிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் அப்பளமே தாங்காது, பேப்பர் எங்கே தாங்கும். கட்டை உறையோடு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், தேவைக்கு மட்டும் எடுத்து, விசிறி மாதிரி ஒரு தடவை பிரித்து உதறிவிட்டு வையுங்கள். பிரிண்டருக்குப் பின்னால் யுஎஸ்பி துளையில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், ஜன்னலோரம் வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.